ரேஷன் கடை வாசலில் டில்லி

எங்கள் டிவிகளுக்கு வயசாகிவிட்டதாம். ஏகாம்பரம் சொன்னான். சொன்னதோடு விட்டானா? காலனியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பைக்கை நிறுத்தி, அதிலிருந்து இறங்காமலே ஹாரன் அடித்துக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் ஷாரோன். செங்கல்பட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். என் வீட்டுக்காரர் சாம் அணுபுரத்தில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டில் எங்கள் ஊருக்கு ஒரு பஸ் ஸ்டாப் உண்டு. அங்கே இறங்கினால் முதலில் ஊர்த்தெரு. தெரு முடிகிற இடத்தில் ரேஷன் கடை. அதைத் தாண்டினால் எங்கள் காலனி. ஊர்த்தெருவில் நாங்கள் நடந்து போவதை யாரும் தடுப்பதில்லை. 'அதெல்லாம் அந்தக் காலம்' என்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் எங்கள் கல்யாண ஊர்வலமும் சாவு ஊர்வலமும் மட்டும் இன்றைக்கும் ஏரிக்கரையைச் சுற்றித்தான் போகும். சத்தமில்லாமல் போனால் நீங்களும் மனுஷர்தான், சத்தம் போட்டால் ஏரிக்கரை. யாரும் எழுதி வைக்காத சட்டம் அது.

ஏகாம்பரம்தான் ஊருக்கும் காலனிக்கும் சேர்த்து கேபிள்காரன். அந்த வருஷம் ஜனவரி பிறந்ததும் பழைய கேபிள் நின்றுவிடும், எல்லாம் டிஜிட்டல், பாக்ஸ் வைத்தால்தான் படம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னான். பாக்ஸும் கொடுத்தான். அதில் குறை சொல்ல மாட்டேன்.

பாக்ஸ் வந்த வாரம் காலனியே ரிப்பேர் கடையாகிவிட்டது. எங்களில் பாதி வீட்டில் அரசாங்கம் கொடுத்த இலவச டிவிதான், பின்னால் பெரிய முதுகு வைத்த டப்பா. பாக்ஸிலிருந்து வருகிற மஞ்சள், வெள்ளை, சிவப்பு பின்களை டிவியில் அதே நிறத்து ஓட்டைகளில் சொருக வேண்டும். இத்தனை வருஷமாக அந்த ஓட்டைகளை யார் சீந்தினார்கள்? உள்ளே பல்லி முட்டை, சுண்ணாம்புத் தூள், கரப்பான் இறக்கை. கோடி வீட்டு ஜான்சன் அண்ணன் பழைய டூத் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்து வீடு வீடாகப் போய்த் தேய்த்துக் கொடுத்தார். அந்த ஓட்டைகளே இல்லாத இன்னும் பழைய டிவிகளுக்குத் திருக்கழுக்குன்றம் போய் ஒரு சின்ன டப்பி வாங்கி வந்தார்கள். அதை நடுவில் மாட்டினால் ஆன்டெனா ஓட்டை வழியாகவே படம் போகும். ரிமோட் உள்ள வீட்டு ரிமோட் தெரு முழுக்கச் சுற்றியது. தேர்த் திருவிழாவுக்குத் தேரைத் தயார் பண்ணுவதுபோல் அவ்வளவு அக்கறையாக அந்த டிவிகளைத் தயார் பண்ணினோம்.

பழைய கேபிள் நின்றது. எல்லா வீட்டிலும் நீலத் திரை. 'சிக்னல் இல்லை.'

முன்பெல்லாம் எங்கள் பக்கம் படம் புள்ளி புள்ளியாக வரும். மழை பெய்கிற மாதிரி இருக்கும், ஆனாலும் யார் அழுகிறார்கள், யார் அடிக்கிறார்கள் என்று தெரியும். தலையில் ரெண்டு தட்டுத் தட்டினால் கொஞ்சம் தெளியும். டிஜிட்டலில் அந்தக் கதையே கிடையாது. வந்தால் கண்ணாடி மாதிரி வரும், இல்லாவிட்டால் நீலம்தான். தட்டித் தட்டி எங்கள் கைதான் வலித்தது.

அப்போதுதான் ஏகாம்பரம் பைக்கில் வந்து எங்கள் டிவிகளுக்குத் தீர்ப்பு எழுதினான்.

"உங்க டிவிங்க எல்லாம் அரதப் பழசு. டிஜிட்டல வாங்குற தெம்பு அதுங்களுக்கு இல்ல. புது டிவி வாங்கிக்கங்க."

நாங்களும் நம்பினோம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சும்மா வந்த டிவி, ஓசி டிவி என்று ஊரே சொல்லிச் சொல்லி, எங்கள் டிவி மேல் எங்களுக்கே ஒரு இளக்காரம் வந்திருந்தது. ஊர்த்தெருவில் படம் வருகிறது, நமக்கு வரவில்லை என்றால் குறை நம் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் புத்தி முதலில் அங்கேதான் போகிறது. வேறு எவனாவது இப்படி நம்புவானா? சின்னப்பொண்ணு அன்றைக்கே தன் டிவியைப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கிக்கொண்டாள்.

செங்கம்மாள் அக்கா மட்டும் போடவில்லை. எனக்கு எதிர் வீடு. அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ்களில் வீட்டு வேலை செய்கிறாள். அவள் வீட்டுக்காரர் வாசுதேவன் மாமா பெயின்டர். ஒரே பெண் அன்பரசி, செங்கல்பட்டில் காலேஜ், என்.சி.சி. வேறு. டிசம்பர் கடைசியில் அவளை டில்லிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். குடியரசு தின அணிவகுப்புக்கு ஆள் பொறுக்குகிற முகாம். போனாலும் நடக்க விடுவார்களோ மாட்டார்களோ என்று போனாள். போகிக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் போனுக்குக் கூப்பிட்டாள். அக்கா வீட்டில் இருப்பது பட்டன் போன், அதில் பாதி நேரம் சார்ஜ் நிற்காது.

"யம்மா, செலக்ட் ஆயிட்டேன்! ரோட்டுல நடக்கப் போறேன். கேமரா பக்கத்து ஓரம், பின்னாலருந்து ரெண்டாவது வரிசை. லைவ்ல வரும்மா. பாத்துடு, இன்னா?"

"பாக்காம? காலனியே பாக்கும்டி," என்றாள் அக்கா.

போனை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, நீலத் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். இருபத்தாறாம் தேதிக்குள் இந்த டிவி தெரிய வேண்டும். அவளுக்கு அதன் பிறகு வேறு பேச்சே இல்லை.

யூடியூபில் அப்புறம் பார்த்துக்கொண்டால் போச்சு என்று என் வீட்டுக்காரர் சொன்னார். வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"உன் கல்யாணத்த நீ வீடியோவுல பாத்துக்கினா போதும்னு வூட்லயே இருந்தியா சாமு? அவ அங்க நடக்கறப்ப நான் இங்க பாக்கணும்."

மாட்டுப் பொங்கல் அன்று மீன் விற்க குப்பம்மா வந்தாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்காரி. கூடையோடு பஸ் ஏறி எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் வருவாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். அக்கா வாசலில் டிவியைக் கவிழ்த்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இது, டிவிக்கு எண்ண தேச்சிக் குளிப்பாட்டினுகீற?"

"டிஜிட்டல் வரமாட்டேங்குது. டிவி பழசாம்."

குப்பம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். "அட, இதே டிவி தான் என் வூட்லயும் கீது. அதே கவர்மெண்ட் டிவி. உப்புக் காத்துல பின்னால துரு புடிச்சி, ஒரு பக்கம் ஒடஞ்சி, சுருக்கு வல நூலால கட்டி வெச்சிகீறோம். அதுல பாக்ஸு மாட்டி என் மருமவ காலைலருந்து ராத்திரி வரைக்கும் பாத்துகினு கீறா. எவன் சொன்னான் பழசுன்னு?"

"கேபிள்காரன்."

"அவன் தலைல கொள்ளிய வெக்க. டிவிய எடுத்துகினு எங்க வூட்டுக்கு வா. வருதா இல்லையான்னு பாத்துடலாம்."

மறுநாள் காணும் பொங்கல். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு ஒருத்தரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். புளிச் சோறும் கறிக் குழம்பும் கட்டிக்கொண்டு மாமல்லபுரத்துக் கடற்கரைக்குப் போவார்கள். நாங்களும் போனோம். எல்லோர் மடியிலும் தூக்குச் சட்டி, அக்கா மடியில் மட்டும் போர்வையில் சுற்றிய டிவி. பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை.

கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாம்மா இது, டிவியப் போயி பீச்சுக்கு இட்டுகினு போறீங்க?"

"அதுவும் கடலப் பாக்கட்டுமே சார். வயசாயிடுச்சாம் பாவம்," என்றாள் அக்கா. பஸ்ஸே சிரித்தது.

குப்பம்மா வீட்டு வாசலில் போய் நின்றோம். அக்கா பழக்கதோஷத்தில் வெளியிலேயே டிவியை இறக்கப் போனாள்.

"அங்க இன்னாத்துக்கு நிக்கிற? உள்ள வாடி," என்று குப்பம்மா கையைப் பிடித்து இழுத்தாள். அவள் மகன் மூர்த்தி வந்து டிவியை வாங்கிக் கூடத்தில் வைத்தான். மருமகள் வினிதா தன் பாக்ஸின் மூன்று பின்களையும் பிடுங்கி எங்கள் டிவியில் சொருகினாள்.

சொருகின கையோடு வந்தது படம். ஒரு புள்ளி இல்லை, ஒரு கோடு இல்லை. யாரோ ஒரு பெண் சமையல் செய்துகொண்டிருந்தாள். அவள் வளையலில் இருந்த கல் மின்னுவதுகூடத் தெரிந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மலர்ந்து, அப்புறம் மெல்ல இறுகியது.

"இத்தினி வருசமா இது நல்லா தான் இருந்துகீது, ஷாரோனு. நான் தான் அத அடி அடின்னு அடிச்சிகீறேன்," என்றாள்.

டிவி பழசில்லை. அப்படியானால் கெட்டுப்போனது எது? காலனிக்குப் போட்ட வயர். ஊர்த்தெருவுக்கு ஏகாம்பரம் புது வயர் இழுத்து, சிக்னலைக் கூட்டுகிற மெஷினும் வைத்திருந்தான். அது ரேஷன் கடைச் சுவரோடு முடிந்துவிட்டது. அங்கிருந்து எங்களுக்கு அவன் முதன்முதலில் கேபிள் போட்ட காலத்து வயர்தான், புளிய மரக் கிளையில் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டுத் தொங்குகிறது. இத்தனை வருஷம் நாங்கள் புள்ளி பார்த்ததும் அதனால்தான். அன்றைக்கு நான் கடலையே பார்க்கவில்லை. கோபத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் அக்காவும் நானும் ஏகாம்பரம் வீட்டுக்குப் போனோம். ஊர்த்தெருவில் நடுவீடு. கேட்டுக்கு உள்ளே விடவில்லை, வெளியிலேயே நின்றோம். தெருவைப் பார்த்த ஜன்னல் வழியாகக் கூடத்தில் சுவர் அகலத்துக்கு டிவி ஓடுவது தெரிந்தது. ஏகாம்பரம் பல் குத்திக்கொண்டே வந்தான். அவனுக்கும் அக்காவுக்கும் ஒரே வயசு. அவள் 'ஏகாம்பரம்' என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிட மாட்டாள், 'அண்ணே' என்பாள். அவனோ 'செங்கம்மா, இன்னாடி' என்பான்.

"இன்னாடி, டிவி வாங்கிட்டியா?"

"டிவி நல்லா கீதுண்ணே. மகாபலிபுரத்துல போட்டுப் பாத்துட்டு வந்தோம். கண்ணாடி மாதிரி தெரியுது. எங்க பக்கத்து வயரு தான் பழசு."

பல்குச்சி நின்றது. அவன் என்னைத்தான் முறைத்தான். நான்தான் கிளப்பிவிட்டேன் என்று அவன் நினைப்பு.

"சரி, வயரு தான். அதுக்கு இன்னா இப்போ? புதுசா இழுக்கணும், மெஷின் வெக்கணும். எங்கிட்ட வேலைக்குக் கீறது ஜெரோம் ஒருத்தன் தான். பங்குனில பாக்கலாம் போ."

"பழசு டிவின்னு ஏன் பொய் சொன்னீங்க?" என்றேன் நான். "ஒருத்தி டிவிய தூக்கிக் குடத்துக்குப் போட்டுட்டா. தெரியுமா உங்களுக்கு?"

"ஏம்மா, காலங்காத்தால பேஜார் பண்ணாத."

அக்கா என் கையை அழுத்தினாள். "இருபத்தாறாந்தேதி என் பொண்ணு டில்லில நடக்குதுண்ணே. டிவில வரும். அதுக்குள்ள மட்டும் எப்பிடியாவது போட்டுக் குடுத்துடு."

ஏகாம்பரத்தின் முகம் மாறியது. நான் சத்தியமாகச் சொல்கிறேன், அவன் நல்லெண்ணத்தோடுதான் சொன்னான். அதுதான் இன்னும் கொடுமை.

"அட, நம்ம வாசு பொண்ணா? முன்னாடியே சொல்லக் கூடாதா? அதுக்குப் போயி வயரு எதுக்கு? அன்னிக்கி நம்ம வூட்டாண்ட வந்துடு. இந்த ஜன்னல தொறந்து வெக்கச் சொல்றேன். டிவிய இந்தப் பக்கமா திருப்பி வெச்சா, தெருவுல நின்னு ஜம்முனு பாக்கலாம்."

அக்கா அந்த ஜன்னலைப் பார்த்தாள். திரும்பி நடந்தாள். ரேஷன் கடை வரைக்கும் நிற்கவில்லை. அங்கே வந்துதான் வெடித்தாள்.

"சின்ன வயசுல அதே ஜன்னல்ல தான்டி நின்னு படம் பாத்தேன்! அந்த ஜன்னல் தான், அந்தக் கம்பி தான். இந்த ஏகாம்பரம் உள்ள உக்காந்துகினு, படம் நல்லாப் போறப்ப வேணும்னே எந்திரிச்சி வந்து கதவச் சாத்துவான். நாங்க தொறடா தொறடான்னு கெஞ்சுவோம். என் பொண்ணு டில்லில நடக்கும், நான் அந்தக் கம்பியப் புடிச்சிகினு நிக்கணுமா? செத்தாலும் மாட்டேன்!"

சத்தம் கேட்டு எதிரில் இட்லிக் கடை வைத்திருக்கும் பொன்னி வெளியே வந்தாள். எங்கள் காலனிக்காரிதான். எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு ரேஷன் கடைச் சுவரை அண்ணாந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். ஊர்த்தெருவின் நல்ல வயர் வந்து முடிகிற இரும்புப் பெட்டி, கைக்கெட்டுகிற உயரத்தில்.

"இருவத்தாறு ரேஷன் கடை லீவு தானே?" என்றாள் பொன்னி. "கரண்டு என் கடைலருந்து எடுத்துக்கோ."

கேபிள் வயரைத் திருகி மாட்ட யாருக்குத் தெரியாது? பிறந்ததிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம்.

இருபத்தாறாம் தேதி காலையில் ரேஷன் கடை வாசலில் எண்ணெய் டின்களை அடுக்கி, மேலே பலகை போட்டு, அதன் மேல் அக்காவின் டிவியை வைத்தோம். அக்கா அதற்குச் சாமந்திப் பூ சுற்றியிருந்தாள். வாசுதேவன் மாமா வயரை மாட்டினார். பளிச்சென்று டில்லி வந்தது. பனி மூட்டம், குதிரைகள், வெள்ளை வெள்ளையாகத் தலைப்பாகை. காலனியே ரோட்டில் உட்கார்ந்திருந்தது. சின்னப்பொண்ணு தன் புதுக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, ஏகாம்பரத்தை வண்டை வண்டையாகத் திட்டிக்கொண்டிருந்தாள். தேசிய கீதம் வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றோம். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டு ஊர்க்காரர்கள் சிலர் அந்தப் பக்கம் வந்தார்கள். அவர்களும் நின்றார்கள்.

கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு ஏகாம்பரமும் பைக்கில் வந்தான். டிவியைப் பார்த்தான். சுவரில் தொங்குகிற வயரைப் பார்த்தான்.

"யாரக் கேட்டு என் பெட்டில கை வெச்சீங்க?"

"இன்னிக்கி ஒரு நாளு தாண்ணே," என்று வாசுதேவன் மாமா கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டாரே, அந்த மனுஷன். பெயின்ட் கறை போகாத கையால்.

"ஜன்னல தொறந்து வெக்கிறேன்னு மரியாதையா கூப்ட்டேன். அது ஆவல. நடு ரோட்டுல திருட்டு கனெக்‌ஷன் போடறீங்களா?"

பைக்கை முறுக்கிக்கொண்டு போனான். போய்த் தொலையட்டும் என்று நாங்கள் டிவி பக்கம் திரும்பினோம். ராணுவம் போனது. ஒட்டகங்கள் போயின. போலீஸ் போனது. 'அடுத்ததாக என்.சி.சி. மாணவியர் அணி' என்று டிவியில் ஒரு குரல் சொன்னது. அக்கா எழுந்து டிவி பக்கத்தில் போய்க் குந்தினாள். தூரத்தில், அந்த அகல ரோட்டின் கோடியில், ஒரே அளவாக, ஒரே நிறமாக, தொப்பியில் சிவப்புக் குஞ்சத்தோடு பெண்கள் வருவது தெரிந்தது. இன்னும் முகம் தெரியவில்லை.

"பின்னாலருந்து ரெண்டாவது, ஓரம்," என்று அக்கா விரலை நீட்டி முணுமுணுத்தாள்.

நீலம். சிக்னல் இல்லை.

அக்கா விரலை எடுக்கவில்லை. அந்த நீலத்தின் மேலேயே வைத்திருந்தாள். யாரோ டிவியின் தலையில் தட்டப் போனார்கள்.

"அடிக்காத!" என்று அக்கா கத்தினாள். "அது மேல ஒரு தப்பும் இல்ல!"

எங்கள் வயரை மட்டும் பிடுங்க ஏகாம்பரத்தால் முடியாது, அதற்கு எங்கள் முன்னால் வந்து நிற்க வேண்டும். அதற்குத் தைரியம் இல்லை. வீட்டு மாடியில் இருந்த மொத்த மெஷினையும் நிறுத்திவிட்டான். அதனால் ஊர்த்தெருவுக்கும் சேர்ந்தே போய்விட்டது. அடுத்த நிமிஷம் வீடு வீடாக ஆட்கள் வெளியே வந்தார்கள். 'டேய் ஏகாம்பரம், இன்னாடா ஆச்சு, பரேடு ஓடினுகீதுடா' என்று கத்துவது இங்கே வரைக்கும் கேட்டது. எங்களுக்காக ஒருத்தர் வாய் திறக்காத தெரு, தன் டிவி போனதும் எப்படிக் கத்தியது தெரியுமா? அவர்களுக்குப் பயந்து மறுபடி போட்டான். படம் வந்தது. ஏதோ ஒரு மாநிலத்து அலங்கார வண்டி, அதன் மேல் ஆடிக்கொண்டே போகிற ஆட்கள். பெண்கள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள்.

அக்கா டிவியை அணைத்தாள். பூவைப் பிய்த்துப் போடவில்லை. டிவியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் சாயங்காலம் போனில் அந்த அணிவகுப்பைத் தேடி எடுத்தார். உயரத்திலிருந்து எடுத்த படம். கையகலத் திரையில் எல்லாப் பெண்களும் ஒரே தொப்பி. அக்கா ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இனி காலனிக்காகத் தங்கள் டிவி நிற்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் திட்டின திட்டில், அந்த வாரமே ஜெரோம் வந்து எங்கள் பக்கம் புது வயர் இழுத்து, மெஷின் வைத்துவிட்டுப் போனான். காலையில் ஆரம்பித்தான், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டான். அரை நாள் வேலை! அந்த அரை நாள் வேலைக்குத்தான் பங்குனி வரைக்கும் காத்திருக்கச் சொன்னான் அந்தப் பாவி.

பிப்ரவரியில் அன்பரசி திரும்பி வந்தாள். அக்காவும் நானும் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம். காக்கி யூனிஃபார்ம், பளபளக்கிற பூட்ஸ், சிவப்புக் குஞ்சம் வைத்த தொப்பி. இறங்கின வேகத்தில் அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"யம்மா, பாத்தியா? சல்யூட் மேடையாண்ட தலைய திருப்பினப்ப உன்ன தான் நெனச்சிகினேன்."

பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அக்காவுக்குப் பொய் வராது.

"இல்லடி. மூஞ்சி வர்றதுக்கு முன்னாடி ஏகாம்பரம் புடுங்கிட்டான்."

ஊருக்குப் போகிற பஸ்ஸில் எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். குப்பம்மா வீடு, ஜன்னல், மாமா கும்பிட்டது, எல்லாம். ஸ்டாப்பில் இறங்கியதும் ஏரிக்கரைப் பக்கம் திரும்பலாமா என்று அக்கா தயங்கினாள். பூட்ஸ் சத்தம் கேட்கும் அல்லவா? அன்பரசி பையை என்னிடம் கொடுத்தாள்.

"சித்தி, இத புடிங்க. யம்மா, நீ முன்னாடி போயி ஏகாம்பரம் வூட்டாண்ட, அந்த ஜன்னலாண்ட நில்லு. வலது கைப் பக்கம்."

"எதுக்குடி?"

"போயி நில்லும்மா."

அக்கா போய் நின்றாள். வேலைக்குக் கட்டுகிற அதே நூல் புடவை, தோளில் மஞ்சப் பை. அன்பரசி தொப்பியைச் சரி பண்ணினாள். ஒரு மூச்சு இழுத்தாள். நடந்தாள்.

அது நடை இல்லை. அந்தத் தார் ரோடு அதிர்ந்தது. எங்கள் சாவு மேளம்கூட ஒலிக்காத தெருவில் டக், டக், டக் என்று பூட்ஸ் விழுந்தது. இந்தப் பக்கம் ஒரு ஜன்னல் திறந்தது, அந்தப் பக்கம் ஒரு கதவு. கையில் கரண்டியோடு, குழந்தையோடு, பேப்பரோடு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, கோபமும் நிற்கவில்லை.

ஏகாம்பரம் வீட்டு ஜன்னல் நெருங்கியது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதை விட்டுவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தாஹினே தேக்!" என்று அன்பரசி தனக்குத் தானே இந்தியில் ஆர்டர் போட்டாள், வலப்பக்கம் பார் என்று. தொண்டை கிழிகிற மாதிரி ஒரு சத்தம். சடாரென்று தலை வலப்பக்கம் திரும்பியது. கை நெற்றிக்குப் போனது. முகம் நேராக அவள் அம்மாவைப் பார்த்தது.

அக்கா அந்த முகத்தை முழுசாகப் பார்த்தாள். பெண் தாண்டிப் போகிற வரைக்கும் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவள் அண்ணே என்று கூப்பிடவில்லை.

"இன்னா ஏகாம்பரம், ஜன்னல்லருந்து படம் தெளிவா தெரியுதா? புள்ளி கிள்ளி ஒண்ணும் இல்லையே?"